நிறமில்லாத எடிட்டர்

அண்ணனின் கம்ப்யூட்டர் திரையை நான் முதன்முதலாக உற்றுப் பார்த்தது, கொரோனா சமயத்தில் அவன் சென்னையிலிருந்து ஆரணிக்கு வந்து சேர்ந்த மறுநாள் காலையில். பெரிய மானிட்டர் ஒன்றைப் போர்வையில் சுற்றி, வழியெல்லாம் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தான். மாடி அறையில் அப்பா சேலைப் பெட்டிகளை அடுக்கியிருந்த மேசையைக் காலி செய்து அதில் வைத்தான். நான் காப்பி எடுத்துக்கொண்டு போனபோது திரை முழுக்கக் கறுப்பு, அதில் வெள்ளை எழுத்துகள். வேறு நிறமே கிடையாது. ஆனால் வரிகளின் ஓரத்தில் சின்னச் சின்னக் குறிகள் இருந்தன. ஒரு முக்கோணம், ஒரு இரட்டைக் கோடு, சில புள்ளிகள். சில சொற்களுக்கு அடிக்கோடு, சிலவற்றைச் சுற்றிக் கட்டம். நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்து, வேலைக்காக மனுப் போட்டுக்கொண்டிருந்த நேரம் அது. புரோகிராம் எழுதும் திரை எனக்குப் புதிதல்ல. இருந்தாலும் அவன் திரையில் ஒரு வரிகூட எனக்குப் பிடிபடவில்லை.

"இன்னாண்ணா இது, மானிட்டர் போயிடுச்சா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் இல்ல. எனக்கு இப்படித்தான் பழகிப்போச்சு" என்றான். எப்போதுமே அவன் அவ்வளவுதான் பேசுவான்.

இத்தனைக்கும் நானும் அதே எடிட்டரைத்தான் வைத்திருந்தேன். அவன் கழித்துப்போட்ட பழைய லேப்டாப்பில் அது ஏற்கெனவே இருந்தது. எடிட்டர் என்றால் பெரிய விஷயமில்லை, புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு அது ஒரு நோட்டுப் புத்தகம். இந்த எடிட்டர் யாரும் விலைக்கு விற்பதல்ல. உலகத்தில் எங்கெங்கோ இருப்பவர்கள் சேர்ந்து எழுதியது, உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். நமக்கு ஒன்று தேவைப்பட்டால் நாமே எழுதி அதில் சேர்த்துக்கொள்ளலாம், அப்படிச் சேர்த்ததை மற்றவர்களுக்கும் கொடுக்கலாம். அண்ணன் ஒருமுறை சொன்னான்: "இது வாடகை வூடு மாதிரி இல்ல பாப்பா. செவுத்துல ஆணியும் அடிக்கலாம், வேணும்னா செவுத்தையே இடிச்சுட்டு வேற மாதிரி கட்டிக்கலாம்." என் திரையில் சொற்கள் நீலமும் மஞ்சளும் சிவப்பும் பச்சையுமாக மின்னும். புதிதாகச் சேர்த்த வரி பச்சைப் பின்னணியில் வரும், நீக்கிய வரி சிவப்பில் வரும். அப்படிப்பட்ட ஒன்றை வைத்துக்கொண்டு இவன் ஏன் சாம்பல் பூசினாற்போல உட்கார்ந்திருக்கிறான் என்று எனக்குப் புரியவில்லை. கஞ்சத்தனமா, பிடிவாதமா, அல்லது பெரிய ஆட்கள் எல்லாம் இப்படித்தான் வைத்துக்கொள்வார்களா?

எங்கள் வீட்டில் அவனைப் பற்றிப் புரியாத விஷயம் ஏற்கெனவே ஒன்று இருந்தது. அதை யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. எங்கள் குடும்பம் பட்டு நெய்யக் கொடுக்கிற குடும்பம். அப்பா ஆர்டர் பிடிப்பார், சாயம் போட்ட பட்டு நூலை முள்ளிப்பட்டில் வீட்டுத் தறி வைத்திருப்பவர்களிடம் கொடுப்பார், அவர்கள் நெய்து தருவார்கள். அண்ணன் பன்னிரண்டாம் வகுப்பு எழுதிவிட்டு இருந்த விடுமுறையில், அப்பா அவனிடம் இரண்டு நூல் கட்டுகளைக் கொடுத்து முள்ளிப்பட்டுக்கு அனுப்பினார். ஒன்று அரக்குச் சிவப்பு, மற்றொன்று இலைப்பச்சை. அரக்கை முதல் வீட்டிலும் பச்சையை அடுத்த வீட்டிலும் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. அண்ணன் மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தான். முதல் வீட்டுத் தறியில் நீளவாக்கில் கட்டியிருந்த பாவு அரக்கு, குறுக்கே நெய்யக் கைக்கு வந்த ஊடை நூலோ பச்சை. இரண்டு நிறம் கலந்து மின்னும் டபுள் ஷேட் கேட்டிருப்பார்கள் போல என்று நினைத்து அவர் நெய்ய ஆரம்பித்துவிட்டார். அடுத்த வீட்டுக்காரரும் அப்படியே நினைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் அப்பா போய்ப் பார்த்தபோது இரண்டு தறியிலும் முழக்கணக்கில் நெய்தாகிவிட்டது. கல்யாணச் சேலைகள் அவை, முகூர்த்தத்துக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. "பாக்க நல்லாத்தான் இருக்குதுங்க" என்று முதல் வீட்டு நெசவாளர் சமாதானம் சொல்லியிருக்கிறார். பெண் வீட்டார் ஒத்துக்கொள்ளவில்லை.

அதற்கு ஒரு வாரம் முன்புதான் அண்ணன் இன்ஜினியரிங் படிக்கப் போகிறேன், நூல் வியாபாரம் எனக்கு வேண்டாம் என்று சொல்லியிருந்தான். அப்பா இரண்டையும் முடிச்சுப் போட்டுக்கொண்டார். கூடத்தில் எல்லோர் முன்னாலும், "வேணும்னேதான் பண்ணான். இவன இனிமே எதுக்கும் அனுப்பக் கூடாதுன்னு பண்ணான்" என்றார். எனக்கு அப்போது பதினோரு வயது. அண்ணன் பதில் ஏதாவது சொல்வான் என்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் சொல்லவில்லை. அம்மா சமையலறையிலிருந்து வெளியே வரவில்லை. அதன்பிறகு அப்பாவும் அவனும் நேருக்கு நேர் பேசிக்கொண்டதை நான் அதிகம் பார்த்ததில்லை. "அவன் பஸ் ஏறிட்டானான்னு கேளு", "அப்பா சாப்பிட்டாரான்னு கேளும்மா" என்று எல்லாம் அம்மா வழியாகத்தான் நடந்தது. பொங்கலுக்கு வருவான், இரண்டு நாள் இருப்பான், போய்விடுவான். அப்படிப்பட்டவன் இப்போது மாதக்கணக்கில் மாடியில் உட்கார்ந்திருந்தான்.

ஊரடங்கு கொஞ்சம் தளர்ந்ததும், போளூரில் சிநேகிதன் வீட்டு விசேஷத்துக்கு அவன் ஒருநாள் போயிருந்தான். லேப்டாப் கொடுத்தவனுக்கு நான் பதிலுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று எனக்கு நெடுநாளாக ஆசை. அன்று அவன் எடிட்டரைத் திறந்தேன். கடவுச்சொல்லை அவன் ஒளித்து வைத்ததில்லை. அதில் சேர்க்கப்பட்டிருந்தவற்றின் பட்டியலைப் பார்த்தேன். அந்தக் குறிகளையெல்லாம் போடுகிற ஒன்று அதில் இருந்தது. அதன் விளக்கத்தைக்கூட முழுசாகப் படிக்காமல் நிறுத்தி வைத்தேன். எனக்கு மிகவும் பிடித்த வண்ண அமைப்பைத் தேடி எடுத்துப் போட்டேன். திரை திருவிழாக் கடைபோல ஆகிவிட்டது. வந்து பார்த்துச் சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை நான் எழுந்து மாடிக்குப் போவதற்கு முன்பே அவனுக்கு ஆபீசிலிருந்து போன் வந்துவிட்டது. ஏதோ அவசரத் திருத்தம். வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளில் நோயாளிகளுக்கு டாக்டரைப் பார்க்க நேரம் ஒதுக்கும் புரோகிராம் அது. இன்னொருவர் எழுதிய திருத்தத்தைப் பார்த்து, பழைய வரிகளை விட்டுப் புதிய வரிகளை ஏற்றுக்கொள்ள வேண்டும். திரை மாறியிருப்பதைப் பார்த்தான், ஆனால் அதை மாற்றி அமைக்க நேரமில்லை. மேனேஜர் லைனிலேயே இருந்தார். ஊகத்தில் ஏற்றுக்கொண்டு அனுப்பிவிட்டான். மத்தியானம் ஒரே டாக்டரிடம் ஒரே நேரத்துக்கு இரண்டு பேர் வந்து நின்றிருக்கிறார்கள், ஒரு இடத்தில் அல்ல, பல இடங்களில். அவன் பழைய வரிகளை வைத்துக்கொண்டு புதியவற்றைத் தள்ளியிருந்தான். படிக்கட்டில் நின்று அவன் பேசுவதைக் கேட்டேன். திரையில் ஆறேழு முகங்கள். ஒருவர் மாற்றி ஒருவர் கேட்கிறார்கள். "என் தப்புதான்" என்று ஆங்கிலத்தில் திரும்பத் திரும்பச் சொன்னான். வேலை தங்குமா என்றே எனக்குத் தெரியவில்லை. யாரோ தொட்டுவிட்டார்கள் என்று ஒரு வார்த்தை அவன் சொல்லவில்லை.

எல்லாம் சரியாகி அவன் நாற்காலியில் சாய்ந்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது. நான் உள்ளே போய் அழுதேன். "நான்தாண்ணா மாத்தினேன். கலரா இருந்தா நல்லா இருக்கும்னு..."

அவன் கோபப்படவில்லை. திரையைக் காட்டி, "இதுல சேப்பு எது, பச்சை எதுன்னு உனக்குத் தெரியுதா?" என்று கேட்டான்.

"தெரியுதே."

"எனக்குத் தெரியல."

விளையாடுகிறான் என்று நினைத்தேன். கீழே ஓடிப்போய் அப்பாவின் அறையிலிருந்து கைக்கு வந்த நூல் கட்டுகளை அள்ளிக்கொண்டு வந்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினேன். நீலத்தை நீலம் என்றான், மஞ்சளை மஞ்சள் என்றான். அரக்கையும் பச்சையையும் சேர்த்துக் காட்டியபோது சிரித்தான். "ரெண்டும் மண்ணுதான். ஒண்ணு ஈர மண்ணு, ஒண்ணு காஞ்ச மண்ணு. எது எதுன்னு கேக்காத" என்றான்.

அவனுக்கே அது கல்லூரி மூன்றாம் வருஷத்தில்தான் தெரிந்ததாம். லேபில் ரெசிஸ்டர் என்கிற சின்னச் சின்ன மின்பொருள்களின்மேல் போட்டிருக்கும் வண்ணக் கோடுகளைப் பார்த்து மதிப்பைச் சொல்ல வேண்டும். இவன் எப்போதும் தப்பாகவே சொல்லியிருக்கிறான். லேப் உதவியாளர் ஒருவர் சந்தேகப்பட்டுக் கண் டாக்டரிடம் போகச் சொல்லியிருக்கிறார். அங்கே புள்ளிப் புள்ளியாக இருந்த ஒரு புத்தகத்தைக் காட்டி எண் என்ன தெரிகிறது என்று கேட்டார்களாம். பல பக்கங்களில் அவனுக்கு எண்ணே தெரியவில்லை.

"அப்ப முள்ளிப்பட்டுல..." என்று ஆரம்பித்தேன்.

"வழியில வண்டிய நிறுத்தி ரெண்டு கட்டையும் வெயில்ல வச்சுப் பாத்தேன் பாப்பா. ரொம்ப நேரம் பாத்துகினு இருந்தேன். அப்புறம் ஒண்ண எடுத்துக் குடுத்துட்டேன்."

"அங்க இருந்தவங்கள கேட்டிருக்கலாம் இல்ல?"

"இன்னான்னு கேக்கறது? பட்டுக்காரர் பையன், இதுல பச்சை எதுங்கன்னா?"

அந்தக் குறிகளைப் போடுகிற இணைப்புப் புரோகிராமை அவனே எழுதியிருக்கிறான் என்பதும் அன்றுதான் தெரிந்தது. நான் படிக்காமல் விட்ட விளக்கத்தைப் படித்தேன். சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்க முடியாதவர்களுக்காக என்று முதல் வரியிலேயே இருந்தது. கீழே அவன் பெயர். அதற்கும் கீழே எந்தெந்த நாட்டிலிருந்தோ ஆட்கள் எழுதியிருந்தார்கள். இத்தனை வருஷம் ஆபீசில் யாரிடமும் சொல்லாமல் சமாளித்தேன், இனிமேல் ஊகிக்க வேண்டாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். முன்பின் தெரியாத அத்தனை பேருக்கும் தெரிந்த ஒன்று, ஒரே தட்டில் சோறு தின்று வளர்ந்த எனக்குத் தெரியவில்லை. அது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை. அப்பாவிடம் சொல்லிவிடலாமே என்றேன். வேண்டாம் என்றான். "அம்மாகிட்ட சொன்னேன். இருக்கட்டும்டா, அப்பாகிட்ட நேரம் பாத்துச் சொல்லிக்கலாம்னு சொன்னாங்க. நீயும் சொல்லாத."

நான் நேரே அம்மாவிடம் போனேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, ஆச்சரியமே இல்லாமல், "எங்கப்பாவுக்கும் அப்படித்தான்" என்றாள். ஆறு வயதில் அண்ணன் படம் வரைந்து, மரத்தின் இலையெல்லாம் காவி நிறத்தில் தீட்டிக் கொண்டுவந்தபோதே அவளுக்குப் புரிந்துவிட்டதாம். முள்ளிப்பட்டு விஷயம் நடந்த அன்று, கூடத்தில் அப்பா கத்தும்போது, காரணம் என்ன என்று தெரிந்த ஒரே ஆள் அவள்தான்.

"தெரிஞ்சுகினே ஏம்மா சும்மா இருந்த?" என்று கத்தினேன்.

"மெதுவா பேசு. எங்கப்பாவ ஊர்ல இன்னா பேரு வச்சுக் கூப்பிட்டாங்கன்னு உனக்குத் தெரியுமா? கண்ணு நல்லா இருக்கற மனுசன குருடன்னாங்க. இது பொம்பள வழியா வர்றது. தெரிஞ்சா உங்க அப்பா வூட்டு ஆளுங்க என்னத்தான் சொல்லுவாங்க. நாளைக்கு அவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்? உன்ன எவன் கட்டிக்குவான்?" என்றாள். பிறகு குரலைத் தணித்து, "எனக்கு முன்னாடியே தெரியும்னு மட்டும் அவன்கிட்ட சொல்லிடாத. அவன் சொல்லித்தான் தெரியும்னு நினைச்சுகினு இருக்கான்" என்றாள்.

ஒரே வீட்டில் நான்கு பேர். அப்பாவுக்குத் தெரியக் கூடாதது ஒன்று, அண்ணனுக்குத் தெரியக் கூடாதது ஒன்று, இரண்டும் என்னிடம். சாப்பிட உட்கார்ந்தால் யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் தட்டைப் பார்த்தேன். அம்மாமேல் எனக்கு வந்த கோபம் நியாயமானது என்று காலையில் தோன்றும். என்னைப் பெண் பார்க்க யாரோ வரப்போகிறார்கள் என்று பேச்சு வந்தால், சாயங்காலம் அம்மா சொன்னதும் சரிதானோ என்று தோன்றும்.

அடுத்த வருஷம் அப்பாவுக்குக் கண்புரை முற்றி, வேலூரில் வலது கண்ணுக்கு ஆபரேஷன் ஆனது. கட்டு பிரித்து வீட்டுக்கு வந்த சில நாட்களில், காலை வெளிச்சத்தில் சேலைகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டு அப்பா உட்கார்ந்திருந்தார். இடது கண்ணை மூடிப் பார்ப்பார், பிறகு வலது கண்ணை மூடிப் பார்ப்பார். என்னைக் கூப்பிட்டு ஒரு சேலையைக் காட்டி, "இது இன்னா கலரும்மா?" என்று கேட்டார். வெள்ளை என்றேன். அப்பா முகம் வாடிவிட்டது. "சந்தனம்னு சொல்லிகினு இருந்தேனே. பழைய கண்ணுக்குச் சந்தனம், புதுக் கண்ணுக்கு வெள்ளை. எத்தன வருசமா இப்படிப் பாத்துகினு இருந்தேனோ. எத்தன பேருக்குத் தப்பாச் சொன்னேனோ. இதுல எதுதான் நெசம்?" கலரைப் பார்த்த மாத்திரத்தில் எந்தப் பட்டறைச் சாயம் என்று சொல்லக்கூடியவர் என்று ஊரில் பெயர் வாங்கியவர்.

மாடியிலிருந்து இறங்கி வந்த அண்ணன் அதைக் கேட்டுக்கொண்டே நின்றான். பிறகு அப்பாவின் எதிரே தரையில் உட்கார்ந்தான். அவ்வளவு கிட்டத்தில் அவர்கள் உட்கார்ந்து நான் பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்தது.

"எனக்கும் ஒண்ணு தெரியாதுப்பா. அரக்கும் பச்சையும் எனக்கு ஒண்ணாத்தான் தெரியும். பொறந்ததுல இருந்தே அப்படித்தான். காலேஜ்ல டாக்டர்தான் சொன்னாரு."

அப்பா கையிலிருந்த சேலையை மடித்தார், மடிப்பு சரியில்லை என்று மறுபடி பிரித்தார். "அப்ப அன்னிக்கு, முள்ளிப்பட்டுல?" என்றார்.

"ஆமாம்பா."

"ஏன்டா சொல்லல?"

"அன்னிக்கு எனக்கே தெரியாது. தெரிஞ்சப்புறம் சொன்னா, சாக்கு சொல்றேன்னு நினைப்பீங்கன்னு விட்டுட்டேன்."

அப்பா அழுதார். கண்ணில் தண்ணீர் படக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறாரே என்று எனக்கு அந்த நேரத்திலும் பயம். பிறகு அவர் அம்மாவின் பக்கம் திரும்பி, "உனக்குத் தெரியுமா இது?" என்று கேட்டார். வாசற்படியில் நின்ற அம்மா என்னைப் பார்த்தாள். "எனக்கு எங்கங்க தெரியும்" என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை என்று இன்றைக்கும் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

அதற்குப்பின் அப்பா செய்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. பார்ப்பவரிடமெல்லாம் அண்ணனின் கண்ணைப் பற்றிச் சொன்னார். முள்ளிப்பட்டுக்குப் போய், அந்த நெசவாளரைத் தேடிப் பிடித்து, "அன்னிக்கு என் பையன் மேல தப்பில்ல" என்றார். அவரோ, "எந்தச் சேலைய சொல்றீங்க?" என்று கேட்டாராம். அவருக்கு நினைவே இல்லை. அப்பா திரும்பி வந்து அதைச் சொன்னபோது சிரிப்பதா என்று எங்களுக்குத் தெரியவில்லை. அண்ணனுக்குப் பெண் பார்த்தபோதும் முதல் பேச்சிலேயே இதைச் சொன்னார். ஒரு இடம் தட்டிப்போனது. ஜாதகம் ஒத்துவரவில்லை என்றுதான் சொல்லி அனுப்பினார்கள். அம்மா என்னைப் பார்த்த பார்வையில், நான் அன்றைக்கே சொன்னேனே என்று இருந்தது.

ஆபீஸ் மறுபடி திறந்து அண்ணன் சென்னைக்குக் கிளம்பிய நாளில், அவனை ஸ்கூட்டியில் பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோய் விட்டேன். பஸ் கிளம்ப நேரமிருந்தது. அம்மாவின் ரகசியத்தை இவனிடம் சொல்லாமல் இருப்பது துரோகம் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. ஒருவழியாக, "அம்மாவுக்கு இது எப்பத்துல இருந்து தெரியும்னு நினைக்கற?" என்று கேட்டேன்.

"ஒண்ணாம் கிளாஸ்ல இருந்து" என்றான்.

அவன் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் பையை வைத்துவிட்டு இறங்கி வந்தான். "என் கிரேயான் பெட்டிய நீ பாத்திருக்க மாட்ட. ஒவ்வொரு குச்சியிலயும் அம்மா சின்னதா காகிதம் ஒட்டி, பச்சை, சேப்பு, காவின்னு பேர் எழுதியிருப்பாங்க. எல்லாப் பசங்க அம்மாவும் அப்படித்தான் எழுதுவாங்கன்னு நினைச்சுகினு இருந்தேன். டாக்டர் சொன்ன அன்னிக்குத்தான் புரிஞ்சுது. எடிட்டர்ல குறி போடலாம்னு எனக்குத் தோணுனதே அதுலருந்துதான்."

"அப்படின்னா ஏண்ணா அம்மாகிட்ட கேக்கல?"

"கேட்டா அவங்க பதில் சொல்லணுமே பாப்பா."

பஸ் போனபிறகும் நான் வெகுநேரம் வண்டியைக் கிளப்பவில்லை. குச்சி குச்சியாகப் பெயர் எழுதி ஒட்டியவளும், கூடத்தில் மகன் திட்டு வாங்கும்போது அடுப்படியிலேயே நின்றவளும் ஒருத்திதான் என்பதை என்னால் சேர்த்துப் பார்க்க முடியவில்லை.

இப்போது அண்ணனுக்குக் கல்யாணமாகிவிட்டது. அண்ணி வெம்பாக்கத்துப் பெண். போன பொங்கலுக்கு எல்லோரும் ஆரணியில் இருந்தோம். சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது, அண்ணன் பச்சை மிளகாய் எது பழுத்தது எது என்று தெரியாமல் வாங்கி வந்ததைச் சொல்லி அண்ணி சிரித்தாள். அம்மாவும் சிரித்துக்கொண்டே, அக்கம்பக்கத்துக் கதை ஒன்றைச் சொல்வதைப்போல, "இவனுக்கு ஆறு வயசு இருக்கும்போதே நான் கண்டுபுடிச்சிட்டேம்மா" என்றாள்.

நான் பாதி எழுந்துவிட்டேன். அண்ணன் தட்டில் இருந்த முறுக்கை உடைத்துக்கொண்டிருந்தான். அப்பா கையிலிருந்த போனை மெதுவாகக் கீழே வைத்தார்.

"அப்ப ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"அன்னிக்குக் கூடத்துல நின்னு கத்துனப்ப நீங்க யாரையும் ஒண்ணுமே கேக்கலியேங்க" என்றாள் அம்மா.

அப்பா அவளைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டினார். ஆமாம் என்று ஆட்டினாரா, இல்லை என்று ஆட்டினாரா என்று எனக்குப் புரியவில்லை.